சுக்கானின் குடுமி

சுக்கானுக்குக் குடுமி உண்டா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்டு. ஒன்றல்ல, இரண்டு. அந்த இரண்டில் ஒன்று சென்ற கோடையில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்போது நாங்கள் மெல்பர்னின் பிளாக் ராக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, கடலில் இருந்தோம். படகில் என்னோடு பதினொரு வயது மகளும் இருந்தாள். இந்தக் கட்டுரை அதனால் விளைந்தது. பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கு, ஒரு சின்ன இரும்புத் துண்டுக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதாவது தெரியவரும்.

முதலில் படகைப் பற்றி. இதன் பெயர் மிர்ரர். 'டெய்லி மிர்ரர்' என்ற லண்டன் நாளிதழின் பெயரைத் தாங்கிய படகு. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், பிபிசி தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை கற்றுக்கொடுத்துவந்த பாரி பக்னெலும் சேர்ந்து 1962-இல் உருவாக்கியது. நீளம் 3.3 மீட்டர். பாய் சிவப்பு. ஒட்டுப்பலகைத் துண்டுகளைப் பெட்டியில் வாங்கி, சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி இழைப் பட்டையைப் பிசினில் தோய்த்து ஒட்டவேண்டும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளும் தைக்கப்பட்டவைதான். அங்கே தேங்காய் நார்க் கயிறு, இங்கே செம்புக் கம்பி. உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்ட மிர்ரர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் நிறைய. என்னுடையது ஒரு வீட்டின் கொல்லையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. சொற்ப விலைக்குக் கிடைத்தது.

அன்று என்ன நடந்தது? மெல்பர்ன் அமர்ந்திருப்பது போர்ட் ஃபிலிப் வளைகுடாவின் தலைமாட்டில். பரப்பு சுமார் 1,930 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 13 மீட்டர்தான். இவ்வளவு பரந்த, ஆழமில்லாத நீரில் காற்று வலுத்தால் அலை நீண்டு உருளாது. குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றன்பின் ஒன்றாக மோதும். கோடையில் வெப்பமான வடகாற்று திடீரென்று நின்று தென்மேற்கு திரும்புவது இந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அன்று நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு மணி நேரம் முன்னால் திரும்பிவிட்டது. கரைக்குத் திரும்புகையில் மூன்றாவதோ நான்காவதோ அலையில் பின்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். சுக்கானின் கீழ்ப் பிடிப்பு பின்பலகையிலிருந்து திருகாணிகளோடு பிய்ந்து, சுக்கான் மேல்பிடிப்பில் மட்டும் தொங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த அலையில் மேல்பிடிப்பும் வளைந்து கழன்றது. கைப்பிடித் தண்டு என் கையில் இருந்தது. அது எதையும் திருப்பவில்லை.

சுக்கான் போனதும் படகு தானாகக் காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாய் படபடக்க நின்றது. நின்றாலும் காற்று கரைப்பக்கம் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. கரையில் ஹாஃப் மூன் பே. அதன் முகப்பில் செர்பரஸ் என்ற பழைய இரும்புப் போர்க்கப்பல், 1926-இல் அலைதடுப்பாக மூழ்கவைக்கப்பட்டது, இன்றும் துருப்பிடித்த எலும்புக்கூடாக நிற்கிறது. அதன்மேல் போய் மோதுவதை நான் விரும்பவில்லை.

"அப்பா, துடுப்பை எடுக்கட்டுமா?" என்று மகள்தான் கேட்டாள்.

பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு துடுப்பைப் பின்பலகையின் மேல் அழுத்திப் பிடித்தேன். நம் ஊர்க் கட்டுமரக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான். அவர்கள் செய்தால் அழகு, நான் செய்தால் கோணல். ஆனாலும் செர்பரஸைத் தாண்டி மணலில் போய் ஏறினோம். உயிர்க்காப்புச் சட்டை இருவரும் போட்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடுமியும் வளையமும்

என் தாத்தா வீட்டு வாசற்கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் இரண்டு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்முளை நிலையின் குழியிலும் கீழ்முளை கல்லில் குடைந்த குழியிலும் உட்கார்ந்து சுழலும். அந்த முளைக்குக் குடுமி என்று பெயர். சிறு படகின் சுக்கானும் ஒரு கதவுதான். சுக்கானின் தலையில் கீழ்நோக்கி இரண்டு முளைகள். படகின் பின்பலகையில் இரண்டு வளையங்கள். மேலிருந்து இறக்கினால் முளைகள் வளையங்களில் உட்கார்ந்துவிடும். சில படகுகளில் முளை படகிலும் வளையம் சுக்கானிலும் இருப்பதுண்டு. இந்தக் கட்டுரையில் முளையைக் குடுமி என்றும், அது உட்காருவதை வளையம் என்றும் சொல்கிறேன்.

இது மிகப் பழைய ஏற்பாடு என்று தோன்றும். உண்மையில் அவ்வளவு பழையதல்ல. பழங்காலத்துக் கப்பல்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் கட்டிய பெரிய துடுப்பால்தான் திசை திருப்பப்பட்டன. சீனத்தில் பின்புறச் சுக்கான் முன்பே வந்துவிட்டது. குவாங்சோவில் கிடைத்த, ஏறக்குறைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் கப்பல் பொம்மையில் அதைக் காணலாம். ஆனால் சீனர்கள் அதைக் கயிற்றால் தொங்கவிட்டார்கள். ஐரோப்பாவில் பின்தூணில் மாட்டிய சுக்கானைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று இங்கிலாந்தின் வின்செஸ்டர் தேவாலயத்து ஞானஸ்நானத் தொட்டியில் இருக்கிறது. காலம் சுமார் 1180. கப்பலோட்டியைக் குறிக்க மீகாமன் என்ற சொல் தமிழில் வெகு பழையது. சுக்கான் என்ற சொல்லோ அரபியிலிருந்து வந்தது. பொருளும் பெயரும் சேர்ந்தே கடல் கடந்து வந்தன போலும்.

ஒரு சின்னக் கணக்கு

வாங்குவதா, செய்வதா என்று யோசிப்பதற்கு முன் அந்தப் பிடிப்பு எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பார்த்துவிடலாம். நீரில் இருக்கும் சுக்கான் பலகை அகலம் கால் மீட்டர், ஆழம் அரை மீட்டர் என்று கொள்வோம். படகின் வேகம் விநாடிக்கு இரண்டரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 நாட். சுக்கானை நன்றாகத் திருப்பினால் அதன்மேல் வரும் பக்கவாட்டு விசை சுமார் 400 நியூட்டன். நமக்குப் புரியும்படி சொன்னால் 40 கிலோ எடை.

நாற்பது கிலோதானே, ஆளுக்கு இருபது என்று இரண்டு குடுமிகளும் பங்கிட்டுக்கொள்ளும் என்று நினைத்தால் தவறு. விசை விழும் இடம் இரண்டு குடுமிகளுக்கும் நடுவில் இல்லை. இரண்டுக்கும் கீழே, தண்ணீருக்குள் இருக்கிறது. குடுமிகளுக்கு இடையே 20 செ.மீ. இடைவெளி, விசையின் மையம் கீழ்க்குடுமிக்கு 30 செ.மீ. கீழே என்றால், நெம்புகோல் கணக்குப்படி மேல்குடுமியில் எதிர்த்திசையில் 60 கிலோ, கீழ்க்குடுமியில் 100 கிலோ! பள்ளிக்கூடத்துப் பாடம்தான். பொறியியலில் முதுகலை படித்த நான் இதைக் கரையேறிய பிறகுதான் போட்டுப் பார்த்தேன். இடைவெளியை 30 செ.மீ. ஆக்கினால் மேலே 40, கீழே 80. பின்பலகையில் இடம் இருக்குமட்டும் இரண்டு பிடிப்புகளையும் தள்ளித் தள்ளி வைப்பது செலவில்லாத வலிமை.

இன்னொன்று. 8 மி.மீ. குடுமியை 100 கிலோ விசை கத்தரித்துவிடாது. ஆனால் வளைத்துவிடும். குடுமியின் அடிப்பாகம் வளையத்தின்மேல் சரியாக உட்காராமல் 10 மி.மீ. இடைவெளி தொங்குகிறது என்று வையுங்கள். அப்போது அதன் அடியில் ஏற்படும் வளைவழுத்தம் சாதாரண எவர்சில்வர் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. அதே இடத்தில் 10 மி.மீ. குடுமி இருந்தால் அழுத்தம் பாதி. வளைவுக்கு எதிரான வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. ஆக, தடித்த குடுமி நல்லது. இடைவெளி இல்லாத குடுமி அதைவிட நல்லது.

ஒன்றரை மில்லிமீட்டர்

கழன்று வந்த பாகங்களை மேஜைமேல் வைத்து வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். வளையத்தின் துளை 9.5 மி.மீ. குடுமியின் விட்டம் 8 மி.மீ. புரிந்துவிட்டது. படகு கட்டப்பட்டபோது எல்லாம் அங்குலத்தில் இருந்திருக்கிறது. 9.5 என்பது எட்டில் மூன்று அங்குலம். ஆஸ்திரேலியா மெட்ரிக் அளவைக்கு மாற 1970-இல் சட்டம் இயற்றியது. எனக்கு முன் படகை வைத்திருந்த யாரோ ஒருவர் பிற்பாடு குடுமியை மட்டும் மாற்றியிருக்கிறார். 10 மி.மீ. பழைய வளையத்தில் நுழையாது. அதனால் 8 மி.மீ. வாங்கியிருக்கிறார். மாட்டியது, ஆடியது, 'பரவாயில்லை' என்று விட்டிருக்கிறார். நானும் அது லொடலொடவென்று ஆடுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். பழைய படகென்றால் சத்தம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் ஒவ்வோர் அலையிலும் சுத்தியலாகி அடித்தது. அடி திருகாணிக்குப் போனது, திருகாணி மரத்தைத் தளர்த்தியது, தளர்ந்த துளையில் தண்ணீர் இறங்கியது, ஒட்டுப்பலகை உள்ளே கறுத்து ஊறிப்போனது. உலோகம் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. அது பிடித்திருந்த மரம்தான் போய்விட்டது.

ஆகவே கடைக்குப் போகுமுன் அளக்கவேண்டியவை: குடுமியின் விட்டம், வளையத்தின் துளை, இரண்டு வளையங்களுக்கும் இடையிலான தூரம், பின்பலகையிலிருந்து துளையின் மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது (இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும்), சுக்கான் தலையின் தடிமன். கால் அங்குலம் 6.35, பதினாறில் ஐந்து அங்குலம் 7.94, எட்டில் மூன்று அங்குலம் 9.53 மி.மீ. என்பதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடுமியையும் வளையத்தையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஜோடியாக வாங்குவதே உத்தமம். ஒன்றை மட்டும் மாற்றுவது பழைய காலுக்குப் புதுச்செருப்பு ஒன்றை மட்டும் வாங்குவது போல.

கீழ்க்குடுமி மேல்குடுமியைவிட ஒரு சென்டிமீட்டராவது நீளமாக இருக்கட்டும். ஆடும் படகில் பின்னால் குனிந்துகொண்டு இரண்டையும் ஒரே சமயத்தில் நுழைக்கப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நீளமானது முதலில் வழி கண்டுபிடித்துக்கொண்டால் குட்டை தானாக வரும்.

எந்த உலோகம்?

எவர்சில்வர் என்று நாம் ஆசையாகப் பெயர் வைத்தோம். கடல்நீரில் அது 'எவர்' இல்லை. நம் சமையலறைப் பாத்திரங்களில் பரவலாக இருக்கும் 304 என்ற ரகம் உப்புக்காற்றில் தேநீர்க்கறை போலப் பழுப்பேறும். படகுக்கு வேண்டியது 316. அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கிறது. குளோரைடை எதிர்த்து நிற்க அது உதவுகிறது. அந்த 316-உம் காற்றுப்படாத ஈர மரத்துக்குள் புதைந்திருந்தால் உள்ளுக்குள்ளே அரிக்கப்படும். அதன்மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் பிழைத்திருக்கப் பிராணவாயு தேவை.

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் பாட்டிகளுக்குத் தெரியும், படகுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். பித்தளை செம்பும் துத்தநாகமும். கடல்நீர் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பில், கடற்பஞ்சு போன்ற வலுவற்ற செம்பு. என் படகிலிருந்து பிடுங்கிய பழைய திருகாணி ஒன்று விரலால் ஒடித்தாலே ஒடிந்தது. வெண்கலம் அப்படியல்ல, தலைமுறைகள் தாங்கும். அலுமினியத் தலை கொண்ட சுக்கான் என்றால் இன்னொரு சங்கடம். அலுமினியமும் எவர்சில்வரும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம்போல வேலை செய்து அலுமினியம் கரையும். நடுவே பிளாஸ்டிக் துண்டோ அதற்கென்று உள்ள பசையோ வைக்கவேண்டும். வளையத்துக்குள் பிளாஸ்டிக் உறை போடுவதானால் நைலான் வேண்டாம். அது தண்ணீர் குடித்து உப்பி, குடுமியை இறுக்கிவிடும். அசிட்டல் என்ற ரகம் அவ்வளவாக உப்பாது.

வாங்குவதா, செய்வதா?

வாங்குவதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ரான்ஸ்டன் என்ற பெயர் உலகெங்கும் படகுக்காரர்களுக்குத் தெரியும். அது 1953-இல் மெல்பர்னில் ரான், ஸ்டான் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம். பெயரும் அவர்களுடையதே. சிறு படகுகளுக்கான குடுமிகளும் வளையங்களும் 6, 8, 10 மி.மீ. அளவுகளில் கடல்சாமான் கடைகளில் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால் கடையில் இருப்பவை இன்றைய அளவில் இருக்கின்றன, நம் படகு அன்றைய அளவில் இருக்கிறது. பெரும்பாலும் நான்கு பாகங்களையும் சேர்த்து மாற்றிவிடுவதே வழி. அப்படி மாற்றும்போது பழைய துளைகளோடு புதுத்துளைகள் ஒத்துவராது. அது ஒருவிதத்தில் நல்லதும்கூட, ஏனென்றால் பழைய துளைகளை எப்படியும் அடைத்தாகவேண்டும்.

செய்வது என்றால், 316 தகட்டை மடித்துத் துளையிட்டு, உருண்டைக் கம்பியைப் பற்றவைக்கவேண்டும். பற்றவைப்பதற்குக் கரிமம் குறைந்த 316எல் ரகம் நல்லது. இல்லாவிட்டால் பற்றுக்கு ஓரத்தில் அரிப்பு தொடங்கும். பற்றவைத்த கறுப்பையும் அமிலப்பசையால் நீக்கவேண்டும். எனக்கு இது கைவராது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 'மென்ஸ் ஷெட்' என்று ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் கூடித் தச்சுவேலை, உலோகவேலை பார்க்கும் பொதுப் பட்டறை. எங்கள் பகுதிப் பட்டறையில் ஒரு முதியவர் என் பாகங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கடைசல் இயந்திரத்தில் நின்றவர்.

"எதற்கப்பா இரண்டு குடுமி செய்யவேண்டும்? ஒரே கம்பி போதுமே" என்றார்.

அவர் சொன்ன யோசனை: குடுமியே வேண்டாம். நான்கும் வளையங்களாகவே வாங்கு. இரண்டு படகில், இரண்டு சுக்கானில். நான்கையும் ஊடுருவி மேலிருந்து ஒரே நீளமான கம்பியை இறக்கு. இதில் பெரிய நன்மை, துளைகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கம்பி நுழையவே நுழையாது. தப்பாகப் பொருத்த முடியாது. கம்பி வளைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குறையும் உண்டு. அலையில் ஆடும்போது கம்பியை நுழைப்பது கஷ்டம், கரையிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பவேண்டும். பலகை மேலே மடங்கும் சுக்கானாக இருந்தால்தான் இது சரிப்படும். மிர்ரரில் மடங்கும்.

ஆக நான் பாதி வாங்கினேன், பாதி செய்தேன். 10 மி.மீ. துளையுள்ள நான்கு வளையங்கள் கடையிலிருந்து. அதற்கேற்ற 316 கம்பி பட்டறையிலிருந்து. அதன் தலையை மடக்கியும் கீழ்முனையில் ஊசி போடத் துளையிட்டும் தந்தார். வளையங்களுக்கு நடுவே மெல்லிய அசிட்டல் வாஷர்கள், இடைவெளி இல்லாமல்.

கடையில் கிடைக்காதது

எல்லாம் வாங்கியாகிவிட்டது, செய்தாகிவிட்டது. ஆனால் வேலையில் பெரும்பங்கு இன்னும் மிச்சமிருந்தது. அது மரத்தில். ஊறிக் கறுத்த பகுதியைச் சுரண்டி எடுத்து, பல வாரங்கள் காயவிட்டு, புதிய ஒட்டுப்பலகைத் துண்டை எபாக்சியில் ஒட்டினேன். பின்பலகையின் உட்பக்கத்தில் சுமையைப் பரப்ப இன்னொரு பலகை. போல்ட்டுக்கு வேண்டியதைவிடப் பெரிய துளை போட்டு, அதை எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான துளை. இப்படிச் செய்தால் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. திருகாணி வேண்டாம். ஊடுருவும் போல்ட், உள்ளே அகன்ற வாஷர், தளராத நைலான் நட். வளையத்துக்கும் பலகைக்கும் இடையே கடல்பசை. போல்ட்டை இறுக்கும்வரை நீண்ட கம்பி நான்கு வளையங்களிலும் நுழைந்தே இருக்கவேண்டும். பின்பலகையின் நடுக்கோட்டோடு அது ஒத்திருக்கிறதா என்று மகள் தூக்குநூல் பிடித்துப் பார்த்தாள்.

கடைசியாக ஒன்று, இது குடுமி வைத்திருப்பவர்களுக்கு. படகு கவிழ்ந்தால் சுக்கான் தன் வழியில் கழன்று மிதந்துபோகும், அல்லது மூழ்கும். மேல்வளையத்துக்கு மேலே வில்போன்ற ஒரு சின்னத் தகடு வைத்தால் அது குடுமியைத் தடுத்து நிறுத்தும். விலை அற்பம். கூடவே சுக்கானைப் படகோடு கட்டும் ஒரு முழக் கயிறும் இருக்கட்டும்.

மார்ச் கடைசியில் மறுபடியும் பிளாக் ராக்கிலிருந்து கிளம்பினோம். கைப்பிடித் தண்டை மகளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஓட்டினாள். பிறகு, "அப்பா, சத்தமே இல்லை" என்றாள். அந்த லொடலொட இல்லை. இத்தனை வருடமாகப் படகு அந்தச் சத்தத்தில்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. குடுமியையும் வளையத்தையும் கடையில் வாங்கலாம், பட்டறையில் செய்யலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு, அன்றைக்கே இறங்கி அளந்து பார்ப்பது மட்டும் படகுக்காரன் கையில்தான் இருக்கிறது.